கடாரத்து மண்ணில் காம்பின் கதை

குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் வசைமொழி. மரத்தை வீழ்த்தும் இரும்புக்கு மரமே துணைபோகிறதே என்னும் ஆற்றாமையில் பிறந்த சொல் அது. இனத்தைக் காட்டிக் கொடுப்பவனைச் சுட்ட இதனினும் கூரிய உவமை வேறொன்று கிடைப்பது அரிது. எனினும், இப்பழமொழியை ஆக்கியவர் மரத்தின் பக்கம் நின்று நோக்கினாரேயன்றி, அக்கோடாலியைப் பிடித்த கையின் பக்கம் நின்று நோக்கவில்லை என்பது தெளிவு. கையின் பக்கம் நின்று பார்ப்போர்க்குக் காம்பு துரோகியன்று, அதுவே தோழன். காம்பில்லாத கோடாலி வெறும் இரும்புக் கட்டி. அதைக் கொண்டு ஒரு சுள்ளியைக்கூடப் பிளக்க இயலாது.

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கைப் பட்டாணி நகருக்குத் தெற்கே, மூடா ஆற்றை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் திகாம் பத்து. மலாய் மொழியில் 'திகாம்' என்பது குத்துதலையும் எறிதலையும், 'பத்து' என்பது கல்லையும் குறிக்கும். இவ்வூரைச் சுற்றியும், வடக்கே பீடோங், கிழக்கே கோல கெட்டில், தென்கிழக்கே பாடாங் செராய், லூனாஸ், கூலிம் எனப் பரந்தும் கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் மூன்று நான்கு தலைமுறைகள் உழைத்தனர். அவ்வுழைப்பின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. கப்பல்களின் பெயர்கள், கங்காணி முறை, கூலி விகிதம், ரப்பர் விலையின் ஏற்ற இறக்கம் ஆகியன ஏடுகளில் உள. அவ்வுழைப்பாளர் கையில் நாள் முழுதும் இருந்த மரத்துண்டைப் பற்றி எழுதுவார் இலர்.

இதற்கு ஒரு காரணம் இயற்கையிலேயே இருக்கிறது. இரும்பு எஞ்சும், மரம் உளுத்துப் போகும். திகாம் பத்து அடங்கிய கோல மூடா மாவட்டத்திலேயே, மெர்போக்குக்கும் பீடோங்குக்கும் இடைப்பட்ட சுங்கை பத்துவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டு முதல் அகழ்வாய்வு நடத்தினர். இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள், உலைக்குக் காற்றுச் செலுத்திய சுடுமண் குழல்கள், குவியல் குவியலாக இரும்புக் கசடு, ஆற்றங்கரைப் படகுத் துறைகளின் செங்கல் கட்டுமானம் ஆகியன அங்கே வெளிப்பட்டன. அவற்றுள் மிகப் பழையன எக்காலத்தவை என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், தமிழர் கடாரம் என்றழைத்த இந்நிலம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரும்புத் தொழில் கண்டது என்பதில் ஐயமில்லை. அவ்விரும்பைப் பிடித்த காம்புகளோ இந்த ஈர மண்ணில் எப்போதோ கரைந்துவிட்டன.

தாயகத்திலும் நிலைமை இதுவே. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியெடுத்த இரும்புக் கருவிகள் சென்னை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன, காம்புகள் சென்றடையவில்லை. விதர்ப்பப் பகுதியின் பெருங்கற்காலப் புதைகுழிகளில் மட்டும் ஒரு குறிப்பு எஞ்சியிருக்கிறது. அங்குக் கிடைத்த தட்டைக் கோடாலிகளில் கண் என்னும் துளை இல்லை. அதற்கு மாறாக, குறுக்காகப் பின்னிய இரும்புப் பட்டைகள் அலகின் மேல் பூட்டப்பட்டிருக்கின்றன. அலகையும் காம்பையும் சேர்த்து இறுக்கவே அப்பட்டைகள். காம்பு மறைந்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைப் பற்றியிருந்த பிடி மட்டும் விடாது நிற்கிறது. அக்காலத்து மனிதனும் ஆடும் காம்போடு அல்லற்பட்டிருக்கிறான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டுச் சிற்றூரில் காம்பு போடுதல் குடியானவன் வேலையன்று. அது ஆசாரியின் வேலை. கொல்லர் இரும்பைத் தட்டுவார். தச்சர் மரத்தைச் செதுக்குவார். அறுவடைக் களத்தில் அவ்விருவரும் தத்தம் பங்கு நெல்லைப் பெற்றுச் செல்வர். மண்வெட்டி ஆடினால் தச்சர் வீட்டுத் திண்ணைக்குச் சென்றால் போதும். கருவேலங் கட்டையோ புளியங் கட்டையோ அவரிடம் எப்போதும் காய்ந்து கிடக்கும். உழவனும் கூலியாளும் கருவியைக் கையாண்டனர். கருவியை ஆக்கும் அறிவு வேறொரு குலத்தின் உடைமையாக இருந்தது.

1909ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமியரிடமிருந்து ஆங்கிலேயர் பாதுகாப்பின் கீழ் வந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1910இல், இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை நிறுத்தப்பட்டது. கங்காணிகள் அழைத்துவந்த ஆட்களே அதன்பின் கெடாத் தோட்டங்களை நிரப்பினர். பினாங்கில் இறங்கி, நிலவழியே வடக்கு நோக்கி வந்த அம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் நிலமற்ற வேளாண் கூலிக் குடிகளைச் சேர்ந்தோர். கம்மாளர் குடும்பங்கள் கப்பலேறியது குறைவு. ஆகவே, லயத்தில் குடியேறிய தொழிலாளிக்கு முன்பின் அறியாத ஒரு நெருக்கடி நேர்ந்தது. காம்பு ஒடிந்தால் கொண்டுபோய்க் கொடுக்க ஊர்த் தச்சர் இல்லை. மறுநாள் விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். கையில் கருவி இல்லாவிடில் அன்றைய வேலை இல்லை. ஊரில் குலத்தொழிலாய் இருந்த ஓர் அறிவைத் தோட்டத்தில் ஒவ்வொருவரும் தாமே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கடல் கடந்த வாழ்வு அறுத்தெறிந்த கட்டுகளுள் இதுவும் ஒன்று; இழப்பென்றும் சொல்லலாம், விடுதலையென்றும் சொல்லலாம்.

இரும்பு தொலைவிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் வால்வர்ஹாம்டன் நகரத்துச் சில்லிங்டன் தொழிலகத்தின் முதலைச் சின்னம் பொறித்த மண்வெட்டிகள் குடியேற்ற நாடுகள் பலவற்றிலும் புழங்கின. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் முதலை தெரியும். ஆகவே சின்னமே பெயராயிற்று. ஜாம்ஷெட்பூர் டாட்டா ஆலையும் 1920களில் வேளாண் கருவிகள் செய்யத் தொடங்கியது. மண்வெட்டியை மலாய்க்காரர் சங்குல் என்பர். தோட்டத் தமிழில் மம்பட்டியும் சங்குலும் இரண்டும் வழங்கின. பாராங் கத்தியையும் அரிவாளையும் பட்டணத்துச் சீனக் கொல்லர் அடித்துக் கொடுத்தார். தேய்ந்த மண்வெட்டியை மீண்டும் உலையிலிட்டு நீட்டித் தந்தவரும் அவரே. மரம் இந்நாட்டுக் காட்டினுடையது. இன்ன மரம் காம்புக்கு ஆகும், இன்னது ஆகாது என்பதைக் கம்பத்து மலாய்க்காரர் அறிந்திருந்தனர். ஆங்கிலேயன் இரும்பு, சீனர் உலை, மலாய்க்காரர் மரம், தமிழர் கை. மலாயாவின் சமுதாய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும் ஏடுகளைப் புரட்டுமுன் ஒரு பழைய சங்குலைக் கையில் எடுத்துப் பார்ப்பது நன்று.

கருவேலம் வறண்ட நிலத்து மரம். கெடாவின் ஈரக் காட்டில் அதைத் தேடிப் பயனில்லை. அதன் இடத்தை நிரப்பியவற்றுள் 'லெபான்' குறிப்பிடத்தக்கது. நொச்சியின் உறவான இம்மரம் வெட்டி அழிக்கப்பட்ட காட்டின் ஓரங்களில் தானாக வளரும். பாராங் பிடிக்கும் கருவிக் காம்புக்கும் மலாய் மக்கள் அதை நெடுங்காலமாக விரும்பிப் பயன்படுத்தினர். லயத்துக் கொல்லையில் நின்ற கொய்யாவும் கைகொடுத்தது. கொய்யாக் கிளை தடிப்பில் சிறியதாயினும் நார் நெருக்கமானது; அதிர்ச்சியைத் தாங்கும்; எளிதில் பிளவாது. ரப்பர் மரத்தின் நிலை விந்தையானது. விடியற்காலை முதல் அந்தி வரை ரப்பர் மரங்களுக்கிடையே வாழ்ந்த தொழிலாளி, தன் கருவிக்குக் காம்பு போட அந்த மரத்தை நம்பவில்லை. வெட்டிய சில நாட்களிலேயே நீலம் பூத்து, துளைவண்டு ஏறி, பொடிப் பொடியாய் உதிரும் இயல்புடையது அது. அவசரத்துக்கு ஒரு வாரம் ஓடும்; அடுப்புக்கு நன்றாக எரியும். வேதிப்பொருள் ஊட்டிப் பதப்படுத்தும் முறை பரவிய பின்னரே, 1980களில், அம்மரம் மேசை நாற்காலிகளாகி ஏற்றுமதிச் சரக்காயிற்று. அதற்குள் அதனோடு வாழ்ந்த தலைமுறை ஓய்ந்துவிட்டது.

காம்பு போடுதல் எளிய வேலை என்று எண்ணுவோர் அதைச் செய்து பார்க்காதவர். முதல் விதி பொறுமை. பச்சை மரத்தைச் செதுக்கிப் பூட்டினால், அன்று இறுக்கமாகவே நிற்கும். மரம் உலர உலரச் சுருங்கும். பத்து நாளில் இரும்பு ஆடும். ஆகவே வெட்டிய கிளையைப் பட்டையோடு நிழலில், காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் கிடத்த வேண்டும். லயத்து வீடுகளின் கூரைக்கடியில் அடுப்புப் புகை படும் இடமே அதற்கு ஏற்ற பரணாயிற்று. புகை பூச்சியை அண்டவிடாது. சூடு ஈரத்தை மெல்ல வாங்கும். இரண்டாவது விதி, நாரின் ஓட்டம். காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நார் முறியாமல் ஓட வேண்டும். வாளால் அறுத்த கட்டையில் நார் குறுக்கே வெட்டுண்டிருக்கும். ஓங்கி அடிக்கும்போது அவ்விடத்திலேயே ஒடியும். பிளந்தெடுத்த கட்டையோ நாரின் போக்கிலேயே பிரிவதால் உறுதியாய் நிற்கும். மேலைநாட்டில் கோடாலிக்கு ஹிக்கரி மரத்தையும் ஆஷ் மரத்தையும் பயன்படுத்தும் கைவினைஞர் கூறுவதும் இதுவே. மரம் வேறாயினும் விதி ஒன்று.

மண்வெட்டியின் கண் ஒருபுறம் சற்று அகன்றும் மறுபுறம் சற்று ஒடுங்கியும் இருக்கும். காம்பின் தலைப்பக்கம் தடித்தும் அடிப்பக்கம் மெலிந்தும் செதுக்கப்படும். மெலிந்த பக்கத்தைக் கண்ணின் அகன்ற புறத்தில் நுழைத்து உருவினால், தடித்த தலை கண்ணுக்குள் வந்து சிக்கி நிற்கும். ஓங்கும்போது இரும்பு கையை விட்டு வெளியே ஓட முயலும்; அங்கே காம்பு தடித்திருப்பதால் ஓட ஓட இறுகும். செம்மையாகப் பொருந்திய சங்குலுக்கு ஆணியும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். வேலையே அதை இறுக்கிக்கொள்ளும். இதனினும் அழகிய பொறியமைப்பு பெரிய தொழிற்கூடங்களிலும் அதிகம் இராது.

தமிழ்நாட்டு மண்வெட்டியின் காம்பு பொதுவாகக் குட்டையானது. அலகு உள்நோக்கி வளைந்து நிற்க, உழைப்பவர் நன்கு குனிந்து மண்ணைத் தம் காலடிக்கு வாரி இழுப்பார். சங்குலின் காம்போ நீண்டது; நிமிர்ந்து தலைக்கு மேல் ஓங்கி இறக்குவதற்கு ஏற்றது. காவிரிக் கரையில் குனிந்து வெட்டிய முதுகு, கெடாவில் நிமிர்ந்து வெட்டப் பழகியது. ஒரு காம்பின் நீளம் ஒரு மனிதனின் உடல் அசைவையே மாற்றிவிடுகிறது. நெஞ்சுக் குழி உயரத்துக்கு ஒருவர், இடுப்புக்கு மேல் ஒரு சாண் என இன்னொருவர் எனத் தத்தம் உடலையே அளவுகோலாக்கி வெட்டிக்கொண்டனர். ஆதலால் ஒருவர் சங்குல் மற்றொருவர் கைக்கு இசையாது. பெண்கள் புல் வெட்டும் சங்குலுக்கு மெல்லிய காம்பே வேண்டும்.

அச்சங்குல் செய்த வேலை முழுவதும் நன்மையே என்று கூறுவதற்கில்லை. தொடக்ககாலத் துரைமார் ரப்பர் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் தலைகாட்டலாகாது என்று கருதினர். ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று மண் தெரியச் செதுக்கினர். மழை பெய்யுந்தோறும் வளமான மேல்மண் ஆற்றோடு போயிற்று. மூடும் பயிர்களை வளர்த்து மண்ணைக் காக்க வேண்டும் என்னும் அறிவு பின்னர்த்தான் பரவியது. செதுக்கச் சொன்னவன் பிழைக்குச் செதுக்கியவன் முதுகு விலை கொடுத்தது.

கோடாலியின் முறை வேறு. அதன் காம்பு கீழிருந்து கண்ணுக்குள் நுழையும். மேலே நீட்டிய முனையில் கண்ணின் நீளவாக்கில் பிளவிட்டு ஆப்பு அறைய வேண்டும். ஆப்பு காம்பை இருபுறமும் விரித்துக் கண்ணின் சுவரோடு நெருக்கும். மலாய் மக்களின் 'பெலியோங்' என்னும் காடு திருத்தும் கோடாலியில் அலகு பிரம்பினால் வரிந்து கட்டப்படும். வளைந்து கொடுக்கும் மெல்லிய காம்பு வெட்டின் அதிர்ச்சியைக் கைக்கு வரவிடாது. ஆடும் கோடாலியைத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் எங்கும் உண்டு. ஊறிய மரம் உப்பும், இறுகியதுபோல் தோன்றும். ஆனால் இரும்புக் கண்ணுக்குள் உப்ப இடமின்றி நார் நசுங்கிவிடுவதால், உலர்ந்ததும் முன்னிலும் அதிகமாக ஆடும். அன்றைய வேலைக்கு அது மருந்து, மறுநாளைக்கு நோய்.

மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் காம்பு. கத்திக்கும் அரிவாளுக்கும் பிடி. தமிழ் இவ்வேறுபாட்டைக் கவனமாகக் காக்கிறது. பாராங் கத்தியின் வாலைப் பிடிக்குள் இருத்தும் வேலையில்தான் கைத்திறன் வெளிப்படும். அலகின் மேல் நனைந்த துணியைச் சுற்றி, வாலை மட்டும் சிவக்கக் காய்ச்சி, முன்னரே சிறு துளையிட்ட பிடிக்குள் செலுத்தினால், அது மரத்தைக் கரித்துத் தன் வடிவத்துக்கே துளையை ஆக்கிக்கொள்ளும். நனைந்த துணி மறந்துபோனால் அலகின் பதம் இறங்கிவிடும். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நில்லாது. துளையில் அரக்கை உருக்கி ஊற்றி வாலை இருத்துவது மற்றொரு முறை. கிரீசுக்குப் பிடி போடும் மலாய்க் கைவினைஞர் இதையே கையாண்டனர். பிடியின் வாய் பிளவாமலிருக்க ஒரு பூண் வேண்டும்; பித்தளை வளையமாயினும் சரி, பழைய குழாயில் அறுத்த துண்டாயினும் சரி. கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி மழமழப்பாக்கித் தேங்காய் எண்ணெய் தடவினால் பிடி முடிந்தது.

இவை யாவற்றினும் நுட்பமானது பால்வெட்டும் கத்தி. அமேசான் காட்டில் சிறு கோடாலியால் ரப்பர் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தனர். மரமும் விரைவில் பாழாயிற்று. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் எச்.என். ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே காயத்தை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். மலாயாவின் செல்வம் அனைத்தும் அந்த மெல்லிய சீவலின் மேல் நின்றது. ஒவ்வொரு முறையும் நீக்க வேண்டியது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள பட்டை. உட்புறம் விட்டுவைக்க வேண்டியது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். அதைத் தாண்டி வளர்திசுவைத் தொட்டால் மரத்தில் காயம். காயம் ஆறும்போது முடிச்சு. மறுசுற்றில் அவ்விடத்தில் சரியாக வெட்ட முடியாது. தலையில் கட்டிய விளக்கின் ஒளியில், விடியுமுன் தொடங்கி, நூற்றுக்கணக்கான மரங்களை ஒரு காலையில் வெட்டி முடிக்க வேண்டும். இந்நிலையில் 'ஜெபோங்' கத்தியின் பிடி மயிரளவு ஆடினால் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மரத்தின் காயத்தைக் கங்காணி எண்ணுவார், கிராணி குறித்துக்கொள்வார். ஆடிய பிடியை யாரும் கணக்கில் எழுதார். ஆதலால் பால்வெட்டுவோர் தம் கத்தியைப் பிறர் தொட விடுவதில்லை. வியர்வையும் பாலும் ஏறிக் கறுத்த பிடியில், பெருவிரல் அமரும் இடம் மட்டும் குழிந்து மின்னும். ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் முதலில் விழுவது அக்குழியின் மேல்தான்.

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆண்ட காலத்தில் வால்வர்ஹாம்டன் இரும்பு வரவில்லை. ரப்பர் வாங்குவாரில்லை, தோட்டங்களின் ஒரு பகுதி மரவள்ளிக் கொல்லையாயிற்று. இருந்த அலகுகளையே தேயத் தேயத் தீட்டி, காம்பை மாற்றி மாற்றி ஓட்டினர். பின்னர், சயாம் பர்மா இரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, கெடாத் தோட்டங்களிலிருந்தும் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் இணைப்பு முடிந்த அப்பாதையின் கரைகள் பெரும்பாலும் இயந்திரங்களால் எழுப்பப்பட்டவையல்ல. சங்குலாலும் கூடையாலும் எழுப்பப்பட்டவை. அங்கே கைதிகளாய் உழைத்த ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்வீரர் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் 'சங்கல்' என்னும் சொல் ஆங்கிலச் சொல்லைப்போலவே வருகிறது. அக்கருவிக்குத் தம் மொழியில் வேறு பெயர் தேட அவர்களுக்கு ஓய்வில்லை போலும். போர்க்கைதிகளுள் பலர் எழுதினர்; நூல்கள் வந்தன; அவர்தம் கல்லறைகளும் பெயர் பொறித்து நிற்கின்றன. அதே சங்குலைப் பிடித்து மாண்ட தமிழர் பல்லாயிரவரின் பெயர்களோ காம்புகளைப் போலவே மண்ணோடு போயின.

பாட்டனார் காலத்துக் கோடாலி என்றொரு வேடிக்கை ஆங்கில நாடுகளில் உண்டு. தந்தை மும்முறை காம்பை மாற்றினார், மகன் ஒருமுறை அலகை மாற்றினான், ஆயினும் அது பாட்டனார் கோடாலியே என்பர். கிரேக்கத்துத் தீசியஸின் கப்பல் பற்றிப் புளூட்டார்க் குறிப்பிட்ட புதிரும் இத்தகையதே. பலகை பலகையாய் மாற்றிய கப்பல் பழைய கப்பல்தானா என மெய்யியலார் வாதிட்டனர். லயத்தில் இப்புதிர் எழவேயில்லை. இரும்பும் தேயும், காம்பும் ஒடியும் என்பது அங்கே அன்றாட அறிவு. தேய்ந்து ஒரு சாணாய்க் குறுகிய அலகைக் கழற்றி எறிந்து, கைக்குப் பழகிய காம்பையே புதிய அலகுக்கு மாற்றிக்கொண்டோரும் உளர். புதிய மண்வெட்டி வாங்கியவனைக் காட்டிலும் பழைய காம்பைக் காப்பாற்றியவனே அன்று மகிழ்ச்சியோடு பிரட்டுக்குப் போயிருப்பான்.

1950களிலும் 1960களிலும் ஆங்கிலேயர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. 1970களுக்குப் பின் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை ஏறியது. புல் வெட்டும் வேலையைக் களைக்கொல்லி மருந்து எடுத்துக்கொண்டது. சங்குல் மூலையில் சாய்ந்தது. செம்பனையிலும் காம்பின் கதை தொடரவே செய்தது. இளமரத்துக்கு உளி, மரம் உயர்ந்த பின் நெடிய மூங்கில் கழியின் நுனியில் கட்டிய வளைந்த அரிவாள். முற்றிய மூங்கிலைத் தேர்ந்து, நிழலில் உலர்த்தி, அரிவாளை இறுகக் கட்டும் கலை ஒரு தலைமுறை வாழ்ந்தது. 1980களில் அலுமினியக் கழி பரவியது. அது நேராக நின்றது, நீட்டவும் குறுக்கவும் இசைந்தது. மின்கம்பியில் பட்டால் உயிரை வாங்கவும் செய்தது. அதை யாரும் செதுக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கினால் போதும். பின்னர் மோட்டார் பொருத்திய கத்திகளும் வந்தன. வடகெடாவின் நெல்வயல்களிலும் இதே காலத்தில் இதே மாற்றம். களை அரிந்த 'தாஜாக்' என்னும் வளைந்த காம்புக் கருவி, 1970இல் மூடா வேளாண் வளர்ச்சி வாரியம் அமைந்து இயந்திர உழவு பரவிய பின் காட்சிப் பொருளாயிற்று.

தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. சுங்கைப் பட்டாணி வளர்ந்து வளர்ந்து தன்னைச் சூழ்ந்த லயங்களை விழுங்கியது. லயத்தை விட்டு அடுக்கு வீட்டுக்கும் தாமான் வீட்டுக்கும் குடிபெயர்ந்தோர் தம்மோடு சில பாத்திரங்களையும், சாமி படங்களையும், ஒரு சங்குலையோ பால்வெட்டும் கத்தியையோ எடுத்துச் சென்றனர். புதிய வீட்டில் வெட்ட மரமில்லை, கொத்த நிலமில்லை. கருவி பின்கட்டில் கிடந்தது. இரும்பு துரு ஏறிற்று. மரம் செல்லுக்கு இரையாயிற்று.

அண்மைக் காலத்தில் அப்பின்கட்டுகளில் ஒரு சிறு அசைவு தென்படுகிறது. மேலைநாடுகளில் பழைய கருவிகளைத் தேடியெடுத்துப் புதுக் காம்பிட்டு மீட்பது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகிவிட்டது. பழைய எஃகின் தரம் அதற்கு ஒரு காரணம். கையால் ஒன்றைச் செய்து முடிக்கும் நிறைவு மற்றொரு காரணம். கெடாவில் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளருக்கு இது பொழுதுபோக்கு என்னும் பெயரில் வரவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போகவிருந்த முதலைச் சின்ன அலகை மனம் ஒப்பாமல் திரும்ப எடுத்துவருவதில் அது தொடங்குகிறது. துருவைத் தேங்காய் மட்டையாலும் மணலாலும் தேய்த்துப் போக்கி, உளுத்த கட்டையைக் கண்ணிலிருந்து துளைத்து வெளியேற்றி, அளவு பார்த்து நிற்கும்போது கை தானாகவே பழைய கணக்கை நினைவுகூர்கிறது. எதற்கு இது என்று கேட்கும் பேரப்பிள்ளைக்கு விடை கூறுவது எளிதன்று. வாழைக் கன்று நட உதவும் என்பார்கள். இரண்டு வாழைக்கு இவ்வளவு சீர்மையான காம்பு வேண்டுமா என்பது அவர்களுக்கும் தெரியும்.

மெர்போக்கில் 1980இல் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருட்காட்சியகத்தில் கல்லும் செங்கல்லும் பானை ஓடும் காக்கப்படுகின்றன. கடாரத்தின் பெருமை பேசுவோர் அங்கே சென்று இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பை நினைந்து பெருமிதம் கொள்வதுண்டு. அப்பெருமிதத்தில் குறையொன்றுமில்லை. ஆயினும், அங்கிருந்து சில கல் தொலைவில், வேந்தர் படையோடு வராமல் கங்காணியோடு வந்தவர்களின் கருவிகள் பழைய இரும்பாக எடைபோட்டு விற்கப்படுகின்றன. எடைபோடுமுன் காம்பைத் தட்டிக் கழற்றிவிடுவது கடைக்காரர் வழக்கம். மரத்துக்கு எடையில் விலை கிடையாது. கழற்றிய காம்புகள் கடை ஓரத்தில் குவிந்து கிடக்கும். பெருவிரல் குழிகள் சிலவற்றில் இன்னும் மின்னும்.

அக்குவியலைக் கிளறி, உளுக்காத காம்பு ஏதும் இருக்கிறதா என்று தேடுவோரும் உளர். பெரும்பாலும் கிடைப்பதில்லை. அப்போது கொல்லைக் கொய்யாவின் நேரான கிளையொன்று வெட்டப்படுகிறது. பட்டை உரிக்கப்படாமல், இரு முனையிலும் வெடிக்காதிருக்க மெழுகு தடவப்பட்டு, சமையற்கட்டுக்கு வெளியே கூரைச் சட்டங்களின் மேல் கிடத்தப்படுகிறது. தைப்பூசத்துக்கு முன் வெட்டிய கிளை தீபாவளிக்கு ஓரளவு உலரும். அலகு அதுவரை எண்ணெயில் நனைத்த சாக்கில் சுற்றப்பட்டு, அதன் கீழே சுவரில் சாய்ந்திருக்கும்.